ஒட்டுண்ணியின் அடையாளம்: வாசகர் கேள்வி பதில்

வெப்பமண்டல நோய்களை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளை மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு ஆராய்வதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மலேரியாக் கிருமியை ஒரு சொட்டு இரத்தத்தில் நுண்ணோக்கி வழியே பார்த்துவிடலாம் என்று நானே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்கு மரபணுக் குறிப்பான் எதற்கு? (அறிவியல் ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

நீங்கள் சொல்லிக்கொடுப்பது சரிதான். 1880இல் லாவரான் அல்ஜீரியாவில் முதன்முதலாக அதைப் பார்த்ததும் நுண்ணோக்கியில்தான். இன்றும் காய்ச்சல்காரருக்கு மலேரியாவா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதுவே போதும். வாழைப்பழம்போல் வளைந்த இனப்பெருக்க வடிவம் தெரிந்தால் ஃபால்சிபாரம், சிவப்பணு உப்பிப் பெரிதாகியிருந்தால் வைவாக்ஸ் என்று இனத்தைக்கூடச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு கண்ணாடித் தகட்டில் தெரியாது. கன்னிவாடிச் சந்தையில் நூறு செம்மறிகள் ஒன்றாக நின்றால் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காதில் இருக்கும் வெட்டைப் பார்த்தால்தான் எது யார் பட்டி ஆடு என்று தெரியும். மரபணுக் குறிப்பான் என்பது கிருமியின் டி.என்.ஏ.வில் இருக்கும், அந்தக் காது வெட்டைப் போன்ற ஓர் அடையாளம். ஒரே ஒரு வேறுபாடு, இந்த வெட்டை நாம் போடுவதில்லை. இயற்கை ஏற்கெனவே போட்டு வைத்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம்.

இதன் தேவை எங்கே வருகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். புதிய மலேரியா மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். மருந்து கொடுத்து நான்கு வாரம் கழித்து ஒருவருக்கு மீண்டும் காய்ச்சல் வருகிறது. பழைய கிருமியே சாகாமல் கிடந்து தலைதூக்கியதா, அல்லது இடையில் வேறொரு கொசு கடித்துப் புதிய கிருமி வந்ததா? முன்னது மருந்தின் தோல்வி. பின்னதற்கு மருந்தின்மேல் பழி சொல்ல முடியாது. முதல் நாள் எடுத்த இரத்தத்தையும் இப்போது எடுத்த இரத்தத்தையும் அருகருகே வைத்து, எம்.எஸ்.பி.1, எம்.எஸ்.பி.2 போன்ற ஆளுக்கு ஆள் நீளம் மாறும் மரபணுக்களை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். இரண்டு தகடுகளையும் நாள் முழுக்க நுண்ணோக்கியில் பார்த்தாலும் அது கிடைக்காது.

கேள்வி: குறிப்பான்களை ‘உருவாக்குதல்’ என்று நூல்கள் சொல்கின்றன. அந்த வேலை உண்மையில் எங்கே தொடங்குகிறது, எதில் தடுமாறுகிறது? (முதுநிலை மாணவர், கோயம்புத்தூர்)

‘உருவாக்குதல்’ என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தேடுதல், பொறுக்குதல், சோதித்துக் கழித்தல் ஆகிய மூன்றும்தான் வேலை. அதிலும் கழிப்பதே பெரும்பகுதி.

முதல் தடுமாற்றம் இரத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. நோயாளியிடமிருந்து எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வைவிட மனிதனின் டி.என்.ஏ. பல மடங்கு அதிகம். நல்ல வேளையாக, முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மனித டி.என்.ஏ. பெரும்பாலும் வெள்ளையணுக்களில்தான் இருக்கிறது. ஆகவே மலேரியா இரத்தத்தைச் செல்லுலோஸ் தூள் நிரப்பிய குழாயில் வடிகட்டி வெள்ளையணுக்களை நிறுத்திவிட்டால், சிவப்பணுவும் அதற்குள் இருக்கும் ஒட்டுண்ணியும் கீழே இறங்கிவிடும். மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்க நினைப்பவருக்கு இது தேவை. ஏற்கெனவே தெரிந்த குறிப்பானைச் சோதிப்பவருக்கு வடிதாளில் காய்ந்த ஒரு சொட்டு இரத்தம் போதும்.

அடுத்து, எதைத் தேடுவது? நீண்ட காலமாகப் பெரிதும் பயன்பட்டவை மைக்ரோசாட்டிலைட்டுகள், அதாவது டி.என்.ஏ.வில் ஒன்று முதல் ஆறு எழுத்துகள் (டி.என்.ஏ.வின் நான்கு வேதி அலகுகளையே எழுத்து என்கிறேன்) வரையுள்ள ஒரு சிறு துண்டு, இடைவெளி இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். களத்துமேட்டில் வள்ளம் போட்டுத் தானியம் அளப்பவர் ‘லாபம்’ என்று தொடங்கி எண்ணிக்கொண்டே போகும்போது, பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு வள்ளம் கூடவோ குறையவோ போய்விடும் அல்லவா? டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்கும் அதே கதிதான். ஒன்றுபோலவே இருக்கும் துண்டுகளை வரிசையாகப் படியெடுக்கும்போது வழுக்கி ஒரு துண்டைக் கூட்டிவிடுகிறது அல்லது விட்டுவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக இது நடப்பதால் ஒரு வம்சத்தில் பன்னிரண்டு முறையும், இன்னொரு வம்சத்தில் பதினைந்து முறையுமாக அந்தத் துண்டு நிற்கிறது. அந்த எண்ணிக்கைதான் அடையாளம்.

ஃபால்சிபாரத்தைப் பொறுத்தவரை இயற்கை தாராளமாகவே கொடுத்திருக்கிறது. 2002இல் வெளியான அதன் மரபணுத் தொகுதி 14 குரோமோசோம்களில் ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அடினின், தைமின் என்ற இரண்டு எழுத்துகள் மட்டுமே. இரண்டே எழுத்தில் இவ்வளவு நீளம் எழுதினால் திரும்பத் திரும்ப வராமல் எப்படி இருக்கும்? அந்தத் தொகுதி வெளிவருவதற்கு முன்பே, 1999இல், சுமார் 900 மைக்ரோசாட்டிலைட்டுகளைக் கொண்டு அதன் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டார்கள். தொகுதி படிக்கப்படாத ஒட்டுண்ணிகளுக்கு வேலை கடினமானது: டி.என்.ஏ.வைத் துண்டுகளாக நறுக்கி, சைட்டோசின் அடினின் தொடர் போன்ற ஒரு தூண்டிலைப் போட்டுத் தொடர்வரிசை உள்ள துண்டுகளை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. இப்போது வரிசைப்படுத்தும் கருவி மலிவாகிவிட்டதால் கணினியிலேயே சலித்து எடுத்துவிடுகிறார்கள்.

கிடைத்த இடத்தின் இருபுறமும் மாறாமல் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து, அவற்றோடு ஒட்டிப் படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்களை வடிவமைக்க வேண்டும். ஒரு பிரைமரில் ஒளிரும் சாயத்தைக் கட்டி, டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை மட்டும் பல மடங்கு படியெடுக்கும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, நுண்குழாய்க் கருவியில் ஓட்டினால் திரையில் மலைமுகடுகள் போல் கோடுகள் எழும். முகடு நிற்கும் இடம் நீளத்தைச் சொல்லும். முகட்டுக்கு முன்னால் அதைவிடக் குட்டையாக, ஒரு துண்டு குறைவான நீளத்தில், இன்னொரு முகடு நிற்பதைப் புதிதாக வருகிற மாணவர்கள் வேறொரு கிருமி என்று எழுதிவிடுவார்கள். அது பி.சி.ஆர். நொதி நம் குழாய்க்குள்ளேயே வழுக்கியதன் நிழல். இரண்டெழுத்துத் துண்டுகளில் இந்தத் தொல்லை அதிகம், மூன்றெழுத்துத் துண்டுகளில் குறைவு. ஆகவே தேர்ந்தெடுக்கும்போதே மூன்றெழுத்தை விரும்புவது நல்லது. மாறாக, உயரத்தில் கிட்டத்தட்டச் சமமான இரண்டு முகடுகள் தள்ளித்தள்ளி நின்றால் அது உண்மையான செய்தி. நம் இரத்தத்தில் இருக்கும் மலேரியா ஒட்டுண்ணிக்கு ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரே படிதான் உண்டு என்பதால், இரண்டு நீளங்கள் தெரிந்தால் அந்த ஆளுக்குள் குறைந்தது இரண்டு வகைக் கிருமிகள் குடியிருக்கின்றன என்று பொருள்.

பிறகுதான் கழித்தல். அந்தப் பிரைமர் மனித டி.என்.ஏ.வோடு ஒட்டுகிறதா, அருகில் உள்ள இனத்தோடும் ஒட்டுகிறதா, 3டி7 போன்ற நன்றாகத் தெரிந்த ஆய்வகக் கிருமி வகையில் எதிர்பார்த்த நீளத்தைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாக் கிருமியிலும் ஒரே நீளம் வந்தால் அந்தக் குறிப்பான் வம்சத்தைப் பிரிக்க உதவாது. சில கிருமிகளில் பிரைமர் ஒட்டும் இடத்திலேயே எழுத்து மாறியிருந்தால் முகடே எழாது. ‘கிருமி இல்லை’ என்று நாம் ஏமாந்துவிடுவோம். இவையெல்லாம் தாண்டித் தேறியது எட்டு வடிவங்களில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் சம அளவில் இருந்தால்கூடத் தொடர்பில்லாத இரண்டு கிருமிகள் தற்செயலாக ஒத்துப்போக எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட மூன்றைச் சேர்த்தால் அது 512இல் ஒன்றாகும். ஒரே குறிப்பானை வைத்துக்கொண்டு முடிவு சொல்பவரை நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பணிபுரிந்த ஓர் ஆய்வகத்தில், டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல் வெறும் நீரை மட்டும் வைத்துப் பி.சி.ஆர். செய்து ஜெல்லில் ஓட்டிய வரிசையில் அழகான ஒரு பட்டை எழுந்தது. புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் அது மின்னியதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தைய நாள் பெருக்கிய டி.என்.ஏ. எங்கள் பிப்பெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று வார முடிவுகளைக் கிழித்துப் போட்டோம். பெருக்குவதற்கு முன்னுள்ள வேலையையும் பெருக்கிய பின்னுள்ள வேலையையும் ஒரே மேசையில் செய்யாதீர்கள். இரண்டுக்கும் ஒரே வெள்ளைக் கோட்டையும் போடாதீர்கள்.

கேள்வி: காங்கயம் பக்கம் கொறங்காட்டில் நாற்பது செம்மறி மேய்க்கிறேன். எங்கள் அய்யன் காலத்தில் குடற்புழு மருந்தை ஒரு தடவை ஊற்றினால் ஆடு தெளிந்துவிடும். இப்போது அதே வெள்ளை மருந்தை ஊற்றியும் சில ஆடுகளுக்குத் தாடை வீங்குகிறது. மரபணுவைப் பார்த்து மருந்து கேட்குமா என்று சொல்லிவிடலாமாமே? (ஆடு வளர்ப்பவர்)

முதலில் ஆட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தாடை வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நீங்கள் எழுதியிருக்கும் மற்ற விவரங்களைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் ஹீமாங்கஸ் புழுவின்மேல் விழுகிறது. ஆட்டின் நான்காம் இரைப்பையைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும் பெண் புழுவில், இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருவகம் முறுக்கிய கயிறுபோல் போகும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைகளுக்கு மேல் இடும். மழை பெய்து கொழுக்கட்டைப் புல் தழைக்கும்போது அந்த முட்டையிலிருந்து வந்த இளம்புழு புல் நுனிக்கு ஏறி நிற்கும். ஆடு அதை மேயும்.

நீங்கள் ஊற்றும் வெள்ளை மருந்து அல்பெண்டசோல் அல்லது ஃபென்பெண்டசோலாக இருக்க வேண்டும். இவை புழுவின் பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதைக் கொல்கின்றன. அந்தப் புரதத்தின் 200ஆம் இடத்துக்குரிய மூன்றெழுத்து மரபணுச் சொல்லில் நடு எழுத்து ஒன்றே ஒன்று தைமினிலிருந்து அடினினாக மாறினால், ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் வந்து உட்காரும். மருந்துக்குப் பிடி நழுவிவிடும். 167, 198ஆம் இடங்களில் வரும் மாற்றங்களும் இதே வேலையைச் செய்கின்றன. சாணியிலிருந்து வளர்த்த இளம்புழுக்களில் இந்த எழுத்தைப் படித்துவிட்டால் உங்கள் பட்டிப் புழுக்களில் எத்தனை பங்குக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது சரி.

இதில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் செய்தி வேறு. புழுவுக்குத் தாய் வழியில் ஒன்றும் தந்தை வழியில் ஒன்றுமாக அந்த மரபணு இரண்டு படிகள் உண்டு. பெரும்பாலும் இரண்டும் மாறியிருந்தால்தான் அது மருந்துக்குத் தப்பும். ஒன்று மட்டும் மாறிய புழு மருந்தில் செத்துப்போகும். அதனால் தொடக்கத்தில், மாறிய எழுத்து பட்டிக்குள் மெதுவாகப் பரவிக்கொண்டிருக்கும்போது, மருந்து நன்றாகவே வேலை செய்வதுபோல் தெரியும். ஆடு தெளிந்துவிடும், நாமும் கவலைப்படமாட்டோம். பின்னர் சில பருவங்களுக்குள் திடீரென்று மருந்து கேட்காமல் போகும். முட்டை எண்ணும் சோதனை இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் காட்டும். குறிப்பான் ஒன்றுதான் மறைந்திருக்கும் முதல் கட்டத்தைக் காட்டும்.

ஆனால் உங்கள் ஒரு பட்டிக்காக மரபணுச் சோதனைக்கு அலைய வேண்டியதில்லை. மருந்து ஊற்றும் அன்றும், அதிலிருந்து பதினான்காம் நாளும் அதே ஆடுகளின் சாணியை எடுத்து முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். முட்டைகள் 95 விழுக்காட்டுக்கும் குறைவாகவே குறைந்திருந்தால் எதிர்ப்பு வந்துவிட்டதென்று கொள்ளலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டாத தூரமில்லை. அதுவரை ஒன்றைக் கவனியுங்கள்: எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாக ஊற்றாதீர்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றுவதையும் விட்டுவிட்டு, கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்து வெளுத்திருக்கும் ஆடுகளுக்கு மட்டும் கொடுத்தால், மருந்து கேட்கும் புழுக்கள் கொஞ்சம் மிச்சமிருந்து எதிர்ப்புள்ளவற்றின் பங்கைத் தாழ்த்திவைக்கும். ஐவர்மெக்டினுக்கு மாறிவிடலாமா என்று கேட்பீர்கள். அதற்கு எதிர்ப்பு வந்தால் கண்டுபிடிக்க இப்படி ஓரெழுத்தில் முடியும் சோதனை இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனி விடுதியில் ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒருவருக்கு மலேரியா வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்ததா, இங்கே பிடித்ததா என்று மரபணுவை வைத்துச் சொல்ல முடியுமா? (மேற்பார்வையாளர், திருப்பூர்)

ஓரளவு. அவருடைய கிருமி எந்தக் கிருமிக்கு நெருங்கிய உறவு என்று குறிப்பான் சொல்லும். ஆனால் ‘எந்த ஊர்’ என்று சொல்ல, அந்தந்த ஊர்க் கிருமிகளின் மாதிரிகளை முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும்; ஒப்பிடப் பெயர்ப்பட்டியல் இல்லாமல் கைரேகையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேலும், அவருக்கு வந்தது வைவாக்ஸ் என்றால் கணக்கு இன்னும் சிக்கலாகும். அந்த இனம் கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும். கொசு கடித்தது ஒடிசாவிலோ வேறெங்கோ இருக்கலாம், காய்ச்சல் திருப்பூரில் வரலாம். உறங்கியிருந்து எழுந்த கிருமி முதலில் காய்ச்சலை உண்டாக்கிய கிருமியின் வம்சமாகவே இருக்க வேண்டும் என்பதுமில்லை; முன்பு எப்போதோ கடித்த வேறு கொசுவின் மிச்சமாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் நம்மிடமுள்ள குறிப்பான்கள் தெளிவாகத் தீர்ப்புச் சொல்வதில்லை.

உங்களுக்கு உடனே பயன்படுவது வேறு இரண்டு. வைவாக்ஸாக இருந்தால் குளோரோகுயினோடு, பதினான்கு நாளைக்கான பிரைமாகுயினையும் அவர் முழுமையாகச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். நான்காம் நாளில் காய்ச்சல் விட்டதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். விடுதியின் மேல்நிலைத் தொட்டிக்கும் டிரம்களுக்கும் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி அங்கேதான் முட்டையிடும். கிருமி எங்கிருந்து வந்திருந்தாலும் அடுத்தவருக்குப் போக இங்கேயுள்ள கொசு வேண்டும்.

கேள்வி: பவானியில் பிறந்து கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். அங்கே முன்பெல்லாம் யானைக்கால் நோய்க்காக நடு இரவில் வந்து இரத்தம் எடுப்பார்கள். இப்போது கொசுவைப் பிடித்துச் சோதிக்கிறார்கள் என்கிறார்களே? (இல்லத்தரசி)

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கியிருந்து, கியூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலோர இரத்தத்துக்கு வருகின்றன. அதனால்தான் அந்த நடுநிசி வேலை. கொசுவைச் சோதிப்பதில் யாருடைய தூக்கமும் கெடாது: இருபது, இருபத்தைந்து பெண் கொசுக்களை ஒன்றாக நசுக்கி, யானைக்கால் நோயை உண்டாக்கும் வூச்சரீரியா புழுவில் மட்டும் பல நூறு முறை திரும்ப வரும் எஸ்.எஸ்.பி.1 என்ற தொடர்வரிசையைப் பி.சி.ஆரில் தேடுகிறார்கள். 1975 முதல் புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இம்முறையைப் பயன்படுத்தி ஆய்வுகள் செய்திருக்கிறது. மேலே மாணவருக்குச் சொன்னதற்கு நேர் எதிரான தேவை இங்கே இருப்பதைக் கவனியுங்கள். வம்சத்தைப் பிரிக்க ஆளுக்கு ஆள் மாறும் குறிப்பான் வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று கண்டறிய எல்லாப் புழுவிலும் மாறாமல் இருப்பது வேண்டும். கொசுவில் புழுவின் டி.என்.ஏ. தெரிந்துவிட்டால் அது நோயைப் பரப்பும் கொசு என்றாகிவிடாது. ஊரில் யாரோ ஒருவர் இரத்தத்தில் இன்னும் புழுக்குஞ்சு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று.

கேள்வி: இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? (ஓய்வுபெற்ற நெசவாளர், சென்னிமலை)

நேரடியாக ஒன்றுமில்லை, அவருக்குக் கொடுக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் லாபம். குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் இந்தியாவில் முதலில் 1973இல் அசாமில் அறியப்பட்டது. அதற்குக் காரணமான மரபணுவும், அதன் 76ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் திரியோனின் வரும் மாற்றமும் 2000இல்தான் வெளிப்பட்டன. அந்த மரபணுவுக்கு இருபுறமும் உள்ள மைக்ரோசாட்டிலைட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, ஆப்பிரிக்காவின் எதிர்ப்புக் கிருமிகள் அங்கேயே தோன்றியவை அல்ல, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து போனவை என்று தெரிந்தது. சுற்றியுள்ள எண்ணிக்கைகள் எல்லாக் கிருமியிலும் ஒன்றாக இருந்தன. ஒரே மூதாதையிடமிருந்து வந்தால்தான் அப்படி இருக்கும்.

ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 1993இல் குளோரோகுயினை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. அங்கே 1992இல் 85 விழுக்காடு கிருமிகளில் இருந்த அந்த 76ஆம் இட மாற்றம், 2000இல் 13 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. மருந்தின் நெருக்கடி இல்லாதபோது பழைய கிருமிகளே மீண்டும் பெருகிவிட்டன. பின்னர் நடத்திய சோதனையில் குளோரோகுயின் அங்கே மீண்டும் நன்றாக வேலை செய்தது. அப்படியிருந்தும் அதைத் தனி மருந்தாக மக்களுக்குத் திரும்பக் கொண்டுவராமல், 2007இல் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துக்குத்தான் மாறினார்கள். காங்கயத்து வாசகரும் இதைப் படித்துவிட்டு, வெள்ளை மருந்தைச் சில வருடம் நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம்; ஹீமாங்கஸ் புழுவில் அந்த 200ஆம் இட மாற்றம் ஒருமுறை பரவிவிட்டால் எளிதில் பின்வாங்குவதில்லை.